ஏழு விசிலுக்கும் மசியாத கறி: அடுப்படிக் கேள்வி பதில்

போன இதழில் ஆட்டுக்கால் பாயா எழுதினாலும் எழுதினேன், "மாட்டுக்கறிப் பக்கமே வர மாட்டீங்களா?" என்று கடிதங்கள் வந்து விழுந்துவிட்டன. வராமல் என்ன? எங்க அத்தா மதுரை நெல்பேட்டைப் பக்கம் கல்யாண வீடுகளுக்குத் தேக்சா இறக்கின பண்டாரி. அந்தத் தேக்சாவின் அடிச்சோறு தின்று வளர்ந்தவள் நான். இந்த வாரம் முழுக்க மாட்டுக்கறியும் சோறும்தான்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை எலும்பில்லாத தொடைக்கறியாகக் கேட்டு ஒரு கிலோ வாங்கினேன். குக்கரில் ஏழு விசில் விட்டும் வேகவில்லை. இன்னும் மூன்று விட்டேன். நார் நாராகப் பிரிந்து, மென்றால் வாயில் சக்கைதான் மிஞ்சுகிறது. கடைக்காரர் கிழட்டு மாட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்கிறார் என் கணவர். நிஜமா?
— ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: கிழட்டு மாடு என்பது நிஜம். தலையில் கட்டினார் என்பதுதான் பொய். நம்ம மாநிலத்தில் 1958ஆம் வருசத்துச் சட்டப்படி, 10 வயசு தாண்டி, வேலைக்கும் ஈற்றுக்கும் இனி உதவாது என்று சான்று வாங்கின மாட்டையோ, அடிபட்டோ தீராத நோயிலோ அடியோடு முடங்கிப்போன மாட்டையோதான் அறுக்கலாம். அத்தனை வருசம் ஏரும் வண்டியும் இழுத்த கால் பஞ்சு மாதிரியா இருக்கும்? சினிமாவில் வெள்ளைக்காரர் தட்டில் வைத்துக் கத்தியால் அறுத்து, உள்ளே சிவப்பாகவே தின்கிறாரே, அது இளங்காளை. அந்தச் சமையலை இந்தக் கறியிடம் எதிர்பார்த்தால் பல்தான் போகும்.

தப்பு நடந்தது கடையில்தான், ஆனால் உங்க வாயால். எலும்பில்லாத தொடை கேட்டீங்க பாருங்க, அங்கே. தொடை பார்க்க அழகாக, சிவப்பாக, சவ்வில்லாமல் இருக்கும். அந்தச் சவ்வு இல்லாததுதான் வினை. சதை நார் சூடு ஏற ஏற, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி தன் தண்ணியை விட்டுவிடும். மாட்டின் வயசுக்கும் நெருப்பு வேகத்துக்கும் தகுந்தபடி கூடக் குறைய இருக்கும், ஆனால் விடாமல் இருக்காது. அதற்கு ஈடு கொடுப்பது சவ்வு. அது 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் கிடந்து மெதுவாக இளகிப் பசையாக மாறும். பாயா ஆறினால் கிண்ணத்தில் உறைந்து நிற்குமே, அதே பசைதான். அது நாருக்கு நடுவில் புகுந்துகொண்டால் வாயில் வறட்சி தெரியாது. தொடையில் புகுவதற்கு ஒன்றுமில்லை. குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரைக்கும் போகும். அதில் ஏழு என்ன, பத்து விசில் விட்டாலும் நார் இன்னும் இறுகிப் பிழியுமே தவிர வேறென்ன நடக்கும்?

அடுத்த தடவை கெண்டைக்கால் சதை கேளுங்க, எலும்போடு. முக்கால் கிலோ சதை, கால் கிலோ நல்லி எலும்பு. கடைக்காரர் "சவ்வா இருக்குமேக்கா" என்பார். "அதுதான் வேணும்" என்று சொல்லுங்க. தட்டில் வைத்துப் பார்த்தால் வெள்ளையாக, கண்ணாடி மாதிரி வரி வரியாக ஓடும். அதை வெட்டி எறியச் சொல்லாதீங்க. துண்டும் சின்னதாகப் போடச் சொல்லாதீங்க, முட்டை அளவுக்குக் குறையக் கூடாது. மூணு மணி நேரத்தில் பாதியாகச் சுருங்கிவிடும்.

பாத்திரம் அடி கனமாக இருக்கட்டும். என்னிடம் இருப்பது மானாமதுரை மண்சட்டி, வாய் அகலமானது. கேஸ் அடுப்பில் மண்சட்டி வைக்கிறவர்கள் அடியில் பழைய தோசைக்கல் ஒன்றைப் போட்டு அதன்மேல் வையுங்க. தீ நேராகச் சட்டியில் படாது, சூடு பரவலாக ஏறும். முதலில் மட்டும் சிறுசாகத் தொடங்கி மெல்லச் சூடேற்றணும், இல்லாவிட்டால் சட்டி கீறிவிடும்.

கடலை எண்ணெய் நாலு மேசைக்கரண்டி. பட்டை இரண்டு துண்டு, கிராம்பு நாலு, ஏலக்காய் மூணு, சோம்பு ஒரு தேக்கரண்டி. கால் கிலோ சின்ன வெங்காயத்தைப் பாதிப் பாதியாக நறுக்கி, ஓரம் பழுப்பேறுகிற வரைக்கும் வதக்குங்க. இதில் மட்டும் அவசரப்படாதீங்க, குழம்பின் நிறமே இங்கேதான். இஞ்சியும் பூண்டும் ஐம்பது ஐம்பது கிராம் அரைத்துப் போட்டு, பச்சை வாசனை போனதும் கறியைப் போடுங்க. கறி தன் தண்ணியை விட்டு, அந்தத் தண்ணி வற்றி, எண்ணெய் மறுபடி சடசடக்கும். அப்போதுதான் தூள்: மல்லி மூணு மேசைக்கரண்டி, மிளகாய் ஒன்றரை, மஞ்சள் அரைத் தேக்கரண்டி. உப்பில் பாதியை இப்பவே போடலாம். உப்பு போட்டால் கறி வேகாது என்பது சும்மா பேச்சு. மீதிப் பாதி கடைசியில், ஏனென்றால் குழம்பு எவ்வளவு வற்றும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

தண்ணி மூணு டம்ளர், கொதிக்கக் கொதிக்க. கறி முங்க வேண்டாம், முக்கால்வாசி நனைந்தால் போதும். ஒரு கொதி வந்ததும் தீயை அடுப்பு எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறையுங்க. சட்டி கொதிக்கக் கூடாது, முணுமுணுக்கணும். எங்க அத்தா தேக்சா மூடியில் துடுப்புக் காம்பை ஊன்றி, மறுமுனையைக் காதோரம் வைத்துக் கேட்பார். கண்ணை மூடிக்கொள்வார். "கடகட"ன்னு கேட்டால் அடியிலிருந்து இரண்டு விறகை இழுத்துவிடுவார். "பொக்... பொக்..."ன்னு விட்டு விட்டுக் கேட்டால் துடுப்பைச் சாத்திவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். நான் வீட்டில் மரக்கரண்டியை வைத்துக் கேட்கிறேன். என் மருமகள் சிரிக்கிறாள், ஆனால் அவளும் கேட்கிறாள்.

இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு தக்காளி. முதலிலேயே போட்டால் கடைசியில் புளிப்புதான் மிஞ்சும், அடியும் பிடிக்கும். தண்ணி குறைந்தால் சுடுதண்ணிதான். நான் கல்யாணம் ஆன புதிதில் குழாய்த்தண்ணியை அப்படியே ஊற்றிவிட்டு, அடங்கின சட்டி மறுபடி சூடேறும் என்று காத்திருந்து, வந்த விருந்தாளிகளுக்கு ராத்திரி பத்தரைக்கு இலை போட்டிருக்கிறேன். மூணு மணி நேரத்தில் ஒரு துண்டைக் கரண்டி முதுகால் அழுத்திப் பாருங்க. நழுவி ஓடினால் இன்னும் அரை மணி. அழுந்தி இரண்டாகப் பிளந்தால் முடிந்தது. அரை மூடித் தேங்காயை அரைத்து ஊற்றி, மிளகு ஒரு தேக்கரண்டி நுணுக்கிப் போட்டு, மீதி உப்பும் போட்டு, பத்து நிமிசத்தில் இறக்குங்க.

குக்கரேதான் வேணும் என்றால் அதிலும் இதே கெண்டைக்கால் சதை. விசிலை எண்ணாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 45 நிமிசம். ஆவி தானாக அடங்கட்டும், வெயிட்டைத் தூக்கி விடாதீங்க. சாப்பிடலாம். நான் சொல்கிற குழம்பு அது இல்லை.

கேள்வி: இந்தக் கறிக்குப் பாசுமதியா, சாதாரணச் சோறா? பிரியாணியாகவே போட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: பிரியாணி வேண்டாம். மூணு மணி நேரம் வெந்த கறியை அரிசியோடு சேர்த்துக் கிளறினால் துணுக்குத் துணுக்காக உதிரும். கறி தனி, சோறு தனி.

சீரகசம்பா வாங்குங்க. இரண்டு டம்ளர் அரிசியைக் கழுவி இருபது நிமிசம் ஊறப் போட்டு வடித்துவிடுங்க. மொத்தத் தண்ணி மூணரை டம்ளர். அதில் ஒரு டம்ளர் தேங்காய்ப்பால். ஒரு டம்ளர், கறிச்சட்டியிலிருந்து தேங்காய் அரைத்து ஊற்றுவதற்கு முன் மேலாக மொண்டு வடிகட்டின தண்ணி. இதை நினைத்து முதலிலேயே சட்டியில் ஒரு டம்ளர் சுடுதண்ணி கூட்டி ஊற்றிக்கொள்ளுங்க. மீதி ஒன்றரை வெறும் சுடுதண்ணி. நெய்யில் பட்டை, ஏலக்காய், பிரிஞ்சி இலை, ஒரு வெங்காயம், கைப்பிடிப் புதினா. மிளகாயும் மசாலாத்தூளும் வேண்டாம், கறித்தண்ணியே போதுமான காரம் கொண்டுவந்துவிடும். உப்பைத் தண்ணியில் நக்கிப் பாருங்க, லேசாகக் கரிக்கணும். அரிசி போட்டு, தண்ணி அரிசி மட்டத்துக்கு இறங்கினதும் மூடி, அடியில் அதே தோசைக்கல்லைக் கொடுத்துப் பன்னிரண்டு நிமிசம் தம். சீரகசம்பா சின்ன அரிசி, கரண்டி போட்டால் உடைந்துவிடும். திறந்ததும் ஓரத்திலிருந்து ஒரு புரட்டு, அவ்வளவுதான்.

ராத்திரி எட்டு மணிச் சாப்பாட்டுக்கு நாலு மணிக்கே கறி அடுப்பில் இருக்கணும், ஏழேகாலுக்கு அரிசி. கூட கத்தரிக்காய் மாங்காய் போட்ட தாளிச்சா இருந்தால் விருந்து. இல்லாவிட்டால் எலுமிச்சை பிழிந்த வெங்காயம். தயிர்ப்பச்சடியை எங்க அத்தா பக்கத்திலேயே விட மாட்டார், நான் விடுகிறேன்.

சுடச்சுடச் சாப்பிட்டுவிடுங்க. மாட்டுக்கொழுப்பு நம்ம உடம்புச் சூட்டில் உருகாது, 40 டிகிரிக்கு மேல் வேணும். ஆறின குழம்பு அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுவது அதனால்தான்.

கேள்வி: வாடகை வீட்டில் மாடியில் இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர். மாட்டுக்கறி சமைத்தால் வாசனை இறங்கிவிடுமோ என்று என் மனைவி பயப்படுகிறாள். மூன்று வருடமாக வீட்டில் செய்யவே இல்லை. வெளியே வாங்கிச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வருகிறோம். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: உங்க மனைவி பயப்படுவதில் தப்பே இல்லை. நாங்களும் வீடு தேடின காலத்தில் அட்வான்ஸ் எவ்வளவு என்று நாங்கள் கேட்பதற்கு முந்தி, "என்ன சமைப்பீங்க?" என்று எங்களைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் என் மாமியார் "கத்தரிக்காய்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வீடு கிடைக்கவில்லை. கத்தரிக்காயை அவர்கள் நம்பவில்லை போல.

வீட்டுக்காரரிடம் பேசுவதா வேண்டாமா என்பதை நீங்கள் இரண்டு பேரும்தான் முடிவு பண்ணணும், அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. அடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊரைக் கூட்டுவது குக்கர். ஒவ்வொரு விசிலுக்கும் மசாலா ஆவியைப் பீச்சி அடித்து, சத்தத்தையும் சேர்த்துக் கீழே அனுப்பும். மெதுவாக வேகிற சட்டி அப்படி இல்லை. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, விரல் தடிமனில் திரி உருட்டி, சட்டி வாயைச் சுற்றி ஒட்டி மூடியை அழுத்துங்க. ஒட்டுவதற்கு முன் தண்ணி சரியா என்று பார்த்துக்கொள்ளுங்க, நடுவில் திறக்க முடியாது. தக்காளியைப் பாதி அளவாக முதலிலேயே போட்டுவிட வேண்டியதுதான். மூணு மணி நேரத்தில் மாவு வெந்து பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும், கத்தி முனையால் தட்டினால் பெயரும். எங்க வீட்டில் அந்த மாவு ஓட்டுக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள், உள்பக்கம் குழம்பு ஊறியிருக்கும். வெங்காயம், இஞ்சி பூண்டு வதக்குகிற வாசனை எல்லார் வீட்டு வாசனைதானே, அதில் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. செய்து பார்த்துவிட்டு எழுதுங்க, அப்போதும் பெயர் போட மாட்டேன்.

கேள்வி: பக்ரீத் அன்று அறுத்த கறி, அன்றைக்கே சமைத்தால் கட்டையாக இருக்கிறதே?
— ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: அறுத்த கொஞ்ச நேரத்தில் தசை விறைக்கும். அந்த விறைப்பு தானாக விட ஒரு நாளுக்கு மேலேகூட ஆகும். அன்றைக்கு ஈரல் செய்யுங்க. கறியை மூடி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு வைத்துவிட்டுச் சட்டியில் ஏற்றுங்க. சூடு ஆறாத கறியை நேரே ஃப்ரீசரில் தள்ளினால் இன்னும் மோசம், குளிரில் சுருண்டு அப்படியே இறுகிவிடும். பப்பாளிக்காய் தேய்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீங்க. சுக்காவுக்குத் தேயுங்க. மூணு மணி நேரச் சட்டிக்கு வேண்டாம், கூழாகிவிடும்.

கேள்வி: மாட்டுக்கறியா, எருமைக்கறியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: கொழுப்பைப் பாருங்க. மாட்டுக்கொழுப்பில் மஞ்சள் ஓடும், எருமைக்கொழுப்பு வெள்ளை வெளேர். எருமைக்கறி நிறமும் கூடுதலாகக் கறுத்திருக்கும். சட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: மிஞ்சினால்?
— ஒரு வாசகி, அலங்காநல்லூர்

பதில்: மிஞ்சட்டும் என்றுதான் நான் ஒரு கிலோ போடுவதே. மதுரை வெயிலில் ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவிடாதீங்க. ஆறினதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகணும். காலையில் மேலே கெட்டியாக உறைந்த கொழுப்பைக் கரண்டியால் தூக்கி எடுத்தால் அடியில் குழம்பு அல்வா மாதிரி ஆடும். நாலு துண்டை விரலாலேயே பிய்த்து, கொஞ்சம் குழம்போடு வாணலியில் வற்ற விடுங்க. கல்லில் கனமாக ஒரு தோசை, மேலே வெங்காயம் போட்டு அடித்த முட்டை ஒன்று, அது பாதி வேகும்போது கறியைப் பரப்பிக் கரண்டியால் அழுத்திவிட்டு, எடுத்து வைத்த கொழுப்பில் ஒரு தேக்கரண்டியை ஓரத்தில் விடுங்க. திருப்பிப் போட்டு ஒரு நிமிசம். முதல் தோசை சுடுகிறவருக்கு.