உலகச் சந்தையில் ஆட்டுக்கறி விலை ஏறுகிறது; மேல்மலையில் பட்டியைப் பெரிதாக்கலாமா?

கேள்வி: ஐயா, கொடைக்கானல் மேல்மலையில் கவுஞ்சிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். பூண்டும் கேரட்டும் போடுகிறோம். அப்பா காலத்திலிருந்து செம்மறி ஆடும் உண்டு. இப்போது 28 பெட்டை, 2 கிடா நிற்கிறது. உலகம் முழுக்க ஆட்டுக்கறிக்குத் தட்டுப்பாடு, விலை உச்சத்தில் என்று செய்தியில் பார்த்தேன். ஆடு வாங்க வரும் வியாபாரியோ, "ஆஸ்திரேலியா கறி வரியில்லாம இறங்குது, இனி விலை விழும், இப்பவே தள்ளிவிடு" என்கிறார். மானியக் கடனில் 100 ஆட்டுப் பட்டி போடலாம் என்று இருந்தேன். யார் சொல்வதை நம்புவது?

பதில்: செய்தியும் உண்மை, வரி போனதும் உண்மை. ஆனால் உங்கள் கிடாவின் விலையை இரண்டுமே தீர்மானிப்பதில்லை. உங்கள் பட்டி எவ்வளவு பெரிதாகலாம் என்பதையும் விலை தீர்மானிக்கப் போவதில்லை, புல்தான் தீர்மானிக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் உலகக் கணக்கு. உலகில் விளையும் ஆட்டுக்கறியில் நாடு விட்டு நாடு போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் வெட்டிய நாட்டிலேயே தின்று தீர்கிறது. அந்தச் சிறு பங்கில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டின் கையில்தான் இருக்கிறது. சீனாதான் உலகில் அதிகம் உற்பத்தி செய்யும் நாடு, அதிகம் வாங்கும் நாடும் அதுவே. ஆக ஆஸ்திரேலியாவில் மழை தப்பினாலோ, சீனாவில் ஆட்கள் கையை இறுக்கிப் பிடித்தாலோ விலை பெரிதாக ஆடிவிடும்.

அந்த ஆட்டம் எப்படி என்று கடந்த சில ஆண்டுகளைப் பாருங்கள். 2017 முதல் 2019 வரை ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சி; மந்தைகள் கரைந்தன. அப்புறம் மூன்று வருஷம் நல்ல மழை. எல்லாரும் பெட்டைக்குட்டிகளை விற்காமல் வைத்துக்கொண்டார்கள், மந்தை பெருத்தது. 2023 செப்டம்பரில் எல் நினோ வந்துவிட்டது என்று அந்த நாட்டு வானிலைத் துறை அறிவித்தது. மழை பொய்க்கும் என்று பயந்து ஒரே நேரத்தில் எல்லாரும் சந்தைக்கு ஓட்டினார்கள். கழித்துவிடும் முதிர்ந்த ஆட்டுக்கு, உரித்த எடையில் கிலோவுக்கு 2 ஆஸ்திரேலிய டாலர்கூடக் கிடைக்கவில்லை. பயத்தில் விற்றவற்றில் ஈனும் பெட்டைகளும் நிறைய. அடுத்து தெற்குப் பகுதியில் உண்மையிலேயே வறட்சி வந்தது. குட்டி குறைந்தது. 2025 நடுவில் நல்ல எடையுள்ள இளங்குட்டி கிலோ 10 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிவிட்டது. இரண்டே வருஷத்தில் அடிமட்டமும் உச்சமும்!

நியூசிலாந்தில் நடப்பது வேறு மாதிரி. 1982-இல் அங்கே 7 கோடி ஆடு. இப்போது சுமார் 2.3 கோடி. கம்பளி விலை விழுந்தது, மேய்ச்சல் நிலம் பால் மாட்டுக்கு மாறியது, இப்போது கார்பன் வருமானத்துக்காக (மரம் உறிஞ்சும் கரியமிலவாயுவுக்குக் கிடைக்கும் பணம்) மலைச்சரிவுகளில் பைன் மரம் வைக்கிறார்கள். அந்த நிலம் சீக்கிரத்தில் ஆட்டுக்குத் திரும்பாது. ஐரோப்பாவிலும் நீலநாக்கு நோயின் புதிய அலை 2023-இலிருந்து சுற்றுகிறது. 2024-இல் கிரீஸ், ருமேனியா இரண்டிலும் ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. நாம் தடுப்பூசி போடுகிறோமே, அதே நோய்தான்.

மந்தையைத் திரும்பக் கட்ட வேண்டுமென்றால் பெட்டைக்குட்டியை வெட்டாமல் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கறி இன்னும் குறையும். அதனால் மழை பெய்ததும் விலை இறங்காது. முதலில் இன்னும் கொஞ்சம் ஏறும், இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் இறங்கும். இப்போதைய உயர்வு ஒரே சீசனில் போய்விடாது என்பது என் கணிப்பு. ஆனால் 2023-ஐப் பார்த்த யாரும் இதை நிரந்தரம் என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, உங்கள் வியாபாரி சொன்ன விஷயம். இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே செம்மறிக் கறி மீதான 30 சதவீத இறக்குமதி வரி போய்விட்டது. அதற்கு ஒரு வருஷத்துக்குள்தான் நான் மேலே சொன்ன 2 டாலர் வீழ்ச்சி. வரியும் இல்லை, விலையும் தரையில். அப்போதே அய்யலூர் சந்தையில் விலை விழவில்லை. பெரிய ஓட்டல்களின் சமையலறையைத் தாண்டி அந்தக் கறி வரவில்லை. 2025 நடுவில் இருந்த 10 டாலர் என்றால், அப்போதைய மாற்று விலையில் கிலோ சுமார் 560 ரூபாய், அதுவும் அவர்கள் ஊர்ச் சந்தையிலேயே. அதற்கு மேல் வெட்டுக்கூலி, உறையவைப்பது, கப்பல், குளிர்கிடங்கு. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை தொங்குகிற ஆட்டைப் பார்த்துத் தொடைக்கறி கேட்கிறவர் உறைந்த கறியை வாங்குவாரா? வாங்குகிற நாள் வரலாம். முதிர்ந்த ஆட்டுக்கறி மறுபடி அடிமட்டத்துக்குப் போய், நகரங்களில் குளிர்கிடங்கும் பெருகினால் பிரியாணிக் கடைகள் முதலில் மாறும். அது நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு அந்தப் பேச்சு உங்கள் ஆட்டை அமுக்கி வாங்குவதற்கான பேச்சு.

ஏற்றுமதி ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். அது பதிவு பெற்ற ஆட்டிறைச்சிக் கூடங்களின் வேலை. 30 ஆடோ 100 ஆடோ வைத்திருப்பவர் அதில் நேரடியாக நுழைய முடியாது.

உங்கள் விலையைத் தீர்மானிப்பது திண்டுக்கல், மதுரைக் கறிக்கடைகளும் காலண்டரும்தான். 2019 கணக்கெடுப்பில் நாட்டில் செம்மறி 7.4 கோடி, வெள்ளாடு கிட்டத்தட்ட 15 கோடி. இந்தக் கறியில் பெரும்பகுதி இங்கேயே செலவாகிறது. புரட்டாசியில் படுக்கும், கார்த்திகை மார்கழியில் மாலை போடுவதால் மந்தம், ஆடியிலும் தீபாவளியிலும் எகிறும். பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அதைக் கணக்குப் போட்டுத்தான் கிடாக்குட்டியை நிறுத்த வேண்டும். காது கிழிந்தது, கொம்பு ஒடிந்தது, நொண்டுவது எதையும் குர்பானிக்கு எடுக்க மாட்டார்கள். முள்வேலியில் காது கிழிவது சின்ன விஷயம்போலத் தெரியும், பணத்தில் பெரிது. ஏப்ரல், மே சீசனில் கொடைக்கானல் ஓட்டல்களே நல்ல விலைக்கு எடுக்கும். அப்போது வத்தலக்குண்டு வளைவுகளில் இறக்கி, வண்டி வாடகையும் கொடுத்து, வழியில் எடையும் இழந்து அய்யலூர் வியாழன் சந்தைக்கு ஓட்ட வேண்டியதில்லை.

விற்கும்போது ஒரு வேலை செய்யுங்கள்: தொங்கு தராசு ஒன்று வாங்கிப் பட்டியில் மாட்டுங்கள். 25 கிலோ உயிர் எடையுள்ள கிடாவில் 12 கிலோ கறி நிற்கும். கடையில் கிலோ 800 என்று வைத்துக்கொண்டால் 9,600 ரூபாய். தலை, கால், குடல் சேர்த்து இன்னும் 900. தோலுக்கு இப்போது சொல்லிக்கொள்கிற விலை இல்லை, விட்டுவிடுங்கள். இந்த 10,500-இல் கடைக்காரருக்கும் வியாபாரிக்கும் சேர்த்து 2,500 போனாலும் உங்கள் கைக்கு 8,000 வர வேண்டும். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்துபாருங்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன் இந்தத் தொகை மனதில் இருக்கட்டும். இன்னொன்று, மேல்மலை ஆட்டுக்குக் கம்பளி அடர்த்தி. "எல்லாம் மயிருதான்" என்று சொல்லியே விலையைக் குறைப்பார்கள். விற்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே, குளிர் இல்லாத நாளாகப் பார்த்துக் கத்தரித்துவிடுங்கள்.

இப்போது 100 ஆட்டுக்கு வருகிறேன். தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடா கொண்ட பண்ணைக்குப் பாதி மானியம், 10 லட்சம் வரை உண்டு. நல்ல திட்டம்தான். மானியம் தவணையாகத்தான் வரும், கடன் வட்டி முதல் நாளே ஓடத் தொடங்கும். அதைவிடப் பெரிய சிக்கல் தீனி. 30 கிலோ ஆட்டுக்கு நாளைக்கு 4 கிலோ பசும்புல்லாவது வேண்டும். 105 ஆட்டுக்கு 400 கிலோவுக்கு மேல், குட்டிகள் தனி. உங்கள் மூன்று ஏக்கரிலும் காய்கறி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல் கருகும். காட்டுக்குள் விடலாம் என்றால் 2013-இலிருந்து கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். சரணாலயங்களில் மேய்ச்சலுக்கு 2022-இல் உயர் நீதிமன்றமும் தடை போட்டது. சிறுத்தையும் செந்நாயும் இருக்கிற காடு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரட் தழை, கோஸ் இலை கொடுக்கலாம். மருந்தடித்த வயல் கழிவைக் கொடுக்காதீர்கள், கோஸை மட்டுமே போட்டு வயிற்றை உப்ப வைக்காதீர்கள்.

அதனால் என் யோசனை: இருக்கும் பெட்டைக்குட்டிகளில் நல்லவற்றை நிறுத்தி இரண்டு வருஷத்தில் 45 வரை போங்கள். அரை ஏக்கரை ஓட்ஸ், கிக்குயு புல், வெள்ளை குளோவர் (தீவனப்பயறு வகை) என்று ஒதுக்குங்கள். சமவெளியில் சொல்லும் கம்பு நேப்பியர் உங்கள் உயரத்துக் குளிரில் சரியாக வளராது. பூண்டுக்கு ஆட்டெருவை வெளியில் வாங்கும் செலவு மிச்சம்; அதையும் வருமானமாக எழுதுங்கள். கம்பளியை எழுத வேண்டாம்.

கிடாவுக்கு அதிகம் அலைய வேண்டாம், உங்கள் பக்கத்து மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பாரத் மெரினோ இனக் கிடா கிடைக்குமா என்று அங்கே கேளுங்கள். ஒரே கிடாவை அதன் மகள்களோடு சேர விடாதீர்கள். சதுப்பு ஓரத்தில் மேய்ப்பதானால் தட்டைப்புழுவுக்கும் சேர்த்து மருந்து கொடுங்கள். இரண்டாவது குளிர்காலத்தையும் வெளியில் தீவனம் வாங்காமல் 45 ஆடும் தாண்டிவிட்டால், குத்தகைக்குப் புல் நிலமும் கிடைத்தால், அப்போது மானிய விண்ணப்பத்தைக் கையில் எடுங்கள்.