ஐபிஏ-வில் கசப்பு மட்டும் தெரிந்தால்

ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற பீர் வகை) வாங்கினேன், கேனில் எழுதியிருக்கும் மாம்பழ, ஆரஞ்சு வாசனை எதுவும் வரவில்லை, வெறும் கசப்புதான் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நாக்கில் குறை இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தேன் என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அவ்வளவு குளிரில், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூவான ஹாப்ஸின் மணம் எழும்பாது, கசப்பு மட்டும் முன்னால் நிற்கும். 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரட்டும். அப்புறம் கேனிலிருந்தே குடிக்காமல், வாய் குறுகிய கிளாஸில் நுரை எழும்படி ஊற்றி, முதல் மடக்குக்கு முன்பே நன்றாக முகர்ந்து பாருங்கள்.

அப்போதும் ஒன்றுமில்லையென்றால் அடைத்த தேதியைப் பாருங்கள். நாளாக ஆக முதலில் மங்குவது ஹாப்ஸ் மணம்தான். மூன்று மாதம் தாண்டியதை நான் வாங்கவே மாட்டேன். நனைந்த அட்டை வாடை அடித்தால் அது ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டது. அந்த ஒரு கேனை வைத்து ஐபிஏ-வையே ஒதுக்கிவிடாதீர்கள்.