ராணுவத்திலிருந்து விலகியவர் மீண்டும் காலாட்படையில் சேர்ந்து வெளிநாட்டுப் பணிக்குப் போக எப்படித் தயாராக வேண்டும்?

கேள்வி கேட்டவர் அமெரிக்க ராணுவத்தில் ஒரு ஒப்பந்தக் காலம் முடித்து வெளியே வந்தவர். இப்போது நேஷனல் கார்டு (பகுதிநேர ரிசர்வ் படை) காலாட்படையில் சேர்ந்து, யூனிட்டோடு வெளிநாடு போக நினைக்கிறார். பழைய உடல்வாகு திரும்புமா என்பதுதான் அவருடைய கவலை. நானும் அதே வழியில் திரும்பிப் போனவன். ஓட்டத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைக் காகிதங்களுக்கு ஒதுக்குங்கள் என்பேன். என் யூனிட் கிளம்பும் சமயத்தில் பட்டியலிலிருந்து கழன்றவர்களில், ஓட முடியாமல் நின்றவர்களைவிடப் பல்லாலும் படிவத்தாலும் நின்றவர்களே அதிகம்.

முதல் வேலை டிடி-214. வெளியே வரும்போது கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சான்று அது. அதில் சுருக்க நகல், முழு நகல் என்று இரண்டு உண்டு. ஏன் விலகினீர்கள், திரும்பச் சேர்க்கலாமா என்ற விவரமெல்லாம் மெம்பர்-4 என்னும் முழு நகலில்தான் இருக்கும். ரிக்ரூட்டர் என்னும் ஆள்சேர்ப்பு அதிகாரி கேட்பதும் அதைத்தான். திரும்பச் சேர்க்கலாமா என்பதை ஆர்இ எண்ணால் குறிப்பார்கள். ஆர்இ-1 என்று குறித்திருந்தால் நிம்மதி. ஆர்இ-3 என்றால் விலக்கு வாங்க வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். ஆர்இ-4 என்றால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. சான்று தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் விண்ணப்பியுங்கள், காசு கேட்க மாட்டார்கள். வயதைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். முன்பு பணியாற்றிய ஆண்டுகளைக் கழித்துத்தான் வயது வரம்பைப் பார்க்கிறார்கள்.

ரிக்ரூட்டர் வாயால் சொல்வது எதுவும் கணக்கில் வராது. பதவி, போனஸ், எந்த யூனிட் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. கேட்க வெட்கப்படாதீர்கள், அவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி.

முன்னாள் வீரர் துறையிடமிருந்து ஊனத் தொகை வாங்குகிறவராக இருந்தால் ஒரு விஷயம். அந்தத் தொகையையும் பணிச் சம்பளத்தையும் ஒரே நாளுக்குச் சேர்த்து வாங்க முடியாது. முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டதும் நீங்களே துறைக்குத் தெரிவித்து நிறுத்தச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் பின்னால் மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அதோடு, அந்தத் தொகைக்குக் காரணமான முட்டியோ முதுகோ மருத்துவப் பரிசோதனையில் மறுபடி கேள்விக்கு வரும் என்பதையும் எதிர்பார்த்தே போங்கள்.

இனி உடம்பு. 2025 ஜூனிலிருந்து தேர்வு மாறிவிட்டது. ஆர்மி ஃபிட்னெஸ் டெஸ்ட் என்று பெயர். எடை தூக்குவது, கையைத் தரையிலிருந்து விடுவித்து எடுக்கும் புஷ்-அப், ஓடி இழுத்துச் சுமக்கும் சுற்று, பிளாங்க், இரண்டு மைல் ஓட்டம் என ஐந்து பிரிவு. காலாட்படை போன்ற போர்ப் பிரிவுகளுக்கு 500க்கு 350 மதிப்பெண் வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 60. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் இது வந்துவிடும். நுரையீரல் சீக்கிரம் பழகிக்கொள்ளும். பாதமும் கணுக்காலும்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. சிறந்த காலாட்படை வீரருக்கான பேட்ஜுக்கு 35 பவுண்டு சுமையோடு 12 மைலை 3 மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். உங்கள் மனதில் வைக்க வேண்டிய அளவு அதுதான். புது பூட்ஸில் முதல் நாளே சுமையைத் தூக்காதீர்கள். வெறும் பையோடு தொடங்கி, வாரம் ஒருமுறை மட்டும் சுமை நடை. கொப்புளம் வந்தால் அது எந்த இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில்தான் திரும்பத் திரும்ப வரும், முன்கூட்டியே அங்கே பிளாஸ்திரி ஒட்டிவிடலாம்.

பல் விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு மாதத்துக்குள் அவசரச் சிகிச்சை தேவைப்படலாம் என்று பல் மருத்துவர் கருதினால் மூன்றாம் வகுப்பு என்று எழுதுவார். அந்த வகுப்பில் இருப்பவர் விமானம் ஏற முடியாது. பரிசோதனையே செய்யாமல் காலம் கடத்தினால் நான்காம் வகுப்பு, அதற்கும் அதே கதி. சொத்தைப் பல்லை இன்றைக்கே அடைத்துவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பல் மருத்துவர் தேவைப்படுவார்.

திரும்பி வருகிறவர்களுக்கு மனதளவில் கடினமானது பதவிதான். இடைவெளியைப் பொறுத்து, காலியிடத்தைப் பொறுத்து, பழைய பதவி குறையலாம். உங்களைவிடப் பத்து வயது இளையவர் உங்கள் சிறு குழுவின் தலைவராக, அதாவது ஸ்குவாட் லீடராக இருப்பார். என் ஸ்குவாட் லீடரும் அப்படித்தான். ஒரு நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு டூர்னிக்கெட்டை (ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) எடுத்துச் சொந்தத் தொடையில் ஒற்றைக் கையால் மாட்டச் சொன்னார். பட்டையை இழுத்து, குச்சியைத் திருகி, கொக்கியில் பூட்ட வேண்டும். ஒவ்வொருவரிடமும் வந்து, கணுக்காலில் விரல் வைத்து நாடி நின்றுவிட்டதா என்று பார்த்தார். என்னிடம் வந்தபோது, “நாடி ஓடுகிறது, இன்னும் இரண்டு திருகு” என்றார். வலித்தது. அந்த வலி வராமல் ரத்தம் நிற்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பழைய நினைப்பில் கை அங்கேயே நின்றுவிடும். நான் பழகிய காலத்துக்கும் இப்போதைக்கும் முதலுதவிப் பாடத்தில் பல மாறியிருந்தன. “நாங்கள் இருந்தபோது…” என்று தொடங்கும் வாக்கியங்களை முதல் சில மாதம் விழுங்கிவிட்டேன். நல்ல முடிவாகத்தான் இருந்தது.

எங்கே போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பயிற்சி மாறும். கார்டு காலாட்படை யூனிட்கள் ஜிபூட்டி, சினாய், கொசோவோ போன்ற இடங்களுக்குச் சுழற்சியில் போகின்றன. எங்களுக்குக் கிடைத்தது கொசோவோ. 1999 ஜூனிலிருந்து நேட்டோ படை அங்கே இருக்கிறது. அமெரிக்கர்களின் முகாம் ஃபெரிசாய் ஊருக்கு அருகில் உள்ள பாண்ட்ஸ்டீல். போகும் வழியில் ஜெர்மனியின் ஹோஹென்ஃபெல்ஸில் ஒத்திகை. ஊர்த் தலைவர், கோபக்காரக் கூட்டம், மொழிபெயர்ப்பாளர் என்று வேடமிட்டவர்களோடு பேசிப் பழக வேண்டும். கேடயம் பிடித்து வரிசையாக நிற்கும்போது காலடியில் பெட்ரோல் குண்டு வீசுவார்கள். கலையாமல், கால்களை உதைத்துக்கொண்டே நெருப்பைக் கடக்க வேண்டும். போருக்குப் போகாத காலாட்படைக்கு இது எதற்கு என்று சிலர் முனகினார்கள். 2023 மே 29 அன்று வடக்கு கொசோவோவின் ஸ்வெச்சானில் கூட்டத்தோடு நடந்த மோதலில் இத்தாலிய, ஹங்கேரிய வீரர்கள் பலர் காயமடைந்தார்கள். பதில் அதுதான்.

இனி வீட்டு மேசையில் முடிக்க வேண்டிய காகிதங்கள். வீரர்களுக்கான ஆயுள் காப்பீடான சர்வீஸ்மெம்பர்ஸ் குரூப் லைஃப் இன்சூரன்ஸ் இப்போது அதிகபட்சம் 5 லட்சம் டாலர். உங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு என்று முன்பு எழுதியது இன்னும் சரிதானா பாருங்கள். படிவத்தில் எந்தப் பெயரோ அவருக்குத்தான் பணம். 1981ல் ரிட்ஜ்வே வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விவாகரத்துத் தீர்ப்பு வேறு மாதிரி சொல்லியிருந்தும், படிவத்தில் எழுதியவருக்கே உரிமை என்றது. டிடி-93 தனிப் படிவம். அவசரத்தில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கும். அதில் உள்ள போன் நம்பர் பழையதாக இருந்தால் எதற்கும் உதவாது. குழந்தையைத் தனியாக வளர்ப்பவர், கணவன் மனைவி இருவருமே ராணுவத்தில் இருப்பவர் என்றால் குடும்பப் பராமரிப்புத் திட்டம் எழுதி அதிகாரியின் ஒப்புதல் வாங்க வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னியை ராணுவச் சட்ட அலுவலகத்தில் இலவசமாக எழுதித் தருவார்கள். முழு அதிகாரம் கொடுக்காமல், வங்கிக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று தனித்தனியாக, முடிவுத் தேதியோடு எழுதுவது நல்லது. விமான நிலையத்தில் கட்டித் தழுவியவர் பிறகு வங்கிக் கணக்கைத் துடைத்த கதைகள் எல்லா யூனிட்டிலும் உண்டு.

பணிக்கு முன்பு வாங்கிய கடன்களுக்கு வட்டியை 6 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு மேற்பட்ட வட்டி தள்ளிப்போவதில்லை, தள்ளுபடியே ஆகிறது. ஆனால் உத்தரவின் நகலோடு நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். 90 நாளோ அதற்கு மேலோ வெளியூர் உத்தரவு வந்தால் வாடகை ஒப்பந்தத்தையும் எழுத்து மூலம் முறிக்கலாம்.

வேலை பார்க்கும் இடத்தில் வாயால் சொன்னாலும் சட்டப்படி போதும், இருந்தாலும் மின்னஞ்சலில் சொல்லி நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே முதலாளியிடம் இப்படிப் போகும் பணிக்காலம் மொத்தம் 5 ஆண்டுக்குள் இருந்தால், சில விதிவிலக்குகளைத் தவிர, திரும்பி வந்ததும் வேலை கிடைக்கும். 180 நாளுக்கு மேற்பட்ட பணியாக இருந்தால், முடிந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வெடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்து அந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே காலண்டரில் போட்டு வையுங்கள்.