டெங்கு குழந்தைகளுக்கு மட்டும்தான் ஆபத்தா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு. "அது சின்னப் பிள்ளைகளைத்தான் படுத்தும், நமக்கு வெறும் காய்ச்சல்தான்" என்கிறார் அம்மா. சரியா?
– வாசகி, திருச்சி

பதில்: ஒரு காலத்தில் சரி. 1958-ல் பாங்காக்கில் ரத்தக்கசிவு டெங்கு பரவியபோது பெரும்பாலும் குழந்தைகளே பாதிக்கப்பட்டார்கள். அதே தாய்லாந்தில் இன்று நோயாளிகளின் சராசரி வயது கூடிவிட்டது. பிறப்பு குறைந்ததால் வைரஸுக்குப் புதிதாகக் கிடைக்கும் குழந்தைகள் குறைவு. பரவல் மந்தமாகி, தொற்று தாமதமாக வருகிறது. சிங்கப்பூரில் கொசு ஒழிப்பு பல ஆண்டுகள் நன்றாக நடந்ததால், பலர் எதிர்ப்பாற்றல் இல்லாமலே வளர்ந்தார்கள். அங்கே டெங்கு இப்போது பெரும்பாலும் பெரியவர்களின் நோய். நம் ஊரில் எல்லா வயதினரும் வருகிறார்கள்.

டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒன்று வந்து போனபின் வேறொரு வகை வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு இளவயதில் தெரியாமலே ஒருமுறை வந்து போயிருக்கலாம். சர்க்கரை இருப்பது ஆபத்தை இன்னும் கூட்டும்.

காய்ச்சல் விட்டதும் "அப்பாடா" என்று இருந்துவிடாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, சோர்வு அல்லது நிலைகொள்ளாமை என ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பிரஷர் 100/80 என்றால் வீட்டில் "நார்மல்தானே" என்பார்கள். இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 20 ஆகக் குறைந்துவிட்டது, அதுதான் அபாயம். வழக்கமாக மேல் எண் 150 இருப்பவருக்கு 110 என்பதும் சரிவுதான். சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பு கூடுவதையும் மறைத்துவிடும்.

எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே கேட்கிறார்கள். பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்றும் கேளுங்கள். நீர் கசிவதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில். மூட்டுவலிக்கு வைத்திருக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரின் தினமும் எடுப்பவரென்றால் தானாக நிறுத்தாமல் காய்ச்சல் வந்த அன்றே டாக்டரிடம் கேளுங்கள். ஜூஸுக்குப் பதில் கஞ்சி, மோர் கொடுங்கள். சர்க்கரை அளவை அடிக்கடி பாருங்கள்.