இசைக்குறிப்புத் தாளில் எல்லாம் எழுதியிருக்கும்போது, வயலின் சொனாட்டா வாசிக்கப் பெரிய ஆசிரியர் எதற்கு?

புதுச்சேரியில் கர்நாடக வயலின் பழகிவிட்டு மேற்கத்திய இசைக்கு வருகிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் இயல்பாகவே வரும்.

வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும், பெரும்பாலும் மூன்று நான்கு பகுதிகள் கொண்ட படைப்புதான் வயலின் சொனாட்டா. எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தாளில் இருக்கும். 'மெதுவாக' என்றும் போட்டிருக்கும். ஆனால் எவ்வளவு மெதுவாக? ஒரு வரி எந்த இடத்தை நோக்கிப் போகிறது, வில்லை எங்கே மிச்சம் வைக்க வேண்டும்? இதையெல்லாம் தாளில் முழுசாக எழுதிவிட முடியாது. 'சாப்பிட்டியா' என்று அம்மா கேட்பதும், கோபத்தில் இருக்கும் அண்ணன் கேட்பதும் எழுத்தில் ஒன்றுதான், குரல்தான் வேறு. அந்தக் குரலைக் கண்டுபிடிக்கத்தான் ஆசிரியர். நல்ல ஆசிரியர் வாசித்துக் காட்டுவதைவிட, "இங்கே ஏன் அழுத்தினாய்?" என்று கேட்பதே அதிகம். எனக்கு அதுதான் உண்மையான பாடம்.

இசையமைப்பாளர் சேசார் ஃபிராங்க் 1886-இல் வயலின் கலைஞர் யூஜின் இஸாயின் திருமணப் பரிசாக ஒரு சொனாட்டா எழுதினார். முதல் பகுதியை அவர் நினைத்ததைவிட இஸாய் வேகமாக வாசித்தார். அது பிடித்துப்போய் ஃபிராங்க் அந்த வேகத்தையே ஏற்றுக்கொண்டார். எழுதியவரே இடம் கொடுத்திருக்கிறார், பாருங்கள்!

அப்புறம், பியானோ வெறும் பக்கவாத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல: இதே சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் பியானோதான் மெட்டைத் தொடங்குகிறது, வயலின் அதைப் பின்தொடர்கிறது.