எஸ்.ஓ.பி.யில் 'டெகடன்ஸ்': வைக்கலாமா, எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு இங்கிலாந்தில் எம்.ஏ. படிக்க விண்ணப்பிக்கிறாள். ரோமானியக் காசுகள் பற்றி ஆராய வேண்டும் என்பது ஆசை. கன்சல்டன்சியில் எழுதிக் கொடுத்த எஸ்.ஓ.பி.யில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) 'டெகடன்ஸ்' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. பத்தாண்டுகளாக வரலாறு படித்து வருவதைச் சொல்லும்போது ஒரு முறை, ரோமப் பேரரசு பற்றி ஒரு முறை, உறையூரில் என் மாமனார் செய்துவந்த சுருட்டுத் தொழில் படுத்துப்போனதைச் சொல்லும்போது ஒரு முறை. அவளுடைய பேராசிரியை மூன்றையும் எடுக்கச் சொல்கிறார். கன்சல்டன்சிக்காரர், "அது ஹை லெவல் வார்த்தை மேடம், இருக்கட்டும்" என்கிறார். என் தம்பியோ, "கேக் கடையில் 'டெகடன்ட் சாக்லேட்' என்று போட்டிருக்கிறானே, நல்ல அர்த்தம்தானே?" என்கிறான். கடைசித் தேதி நெருங்குகிறது. யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு தாய், திருச்சி

பதில்: பேராசிரியை சொல்வதைக் கேளுங்கள் அம்மா. மூன்றையும் எடுத்துவிடலாம். உங்கள் தம்பி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கன்சல்டன்சிக்காரர் சொல்வதில்தான் எதுவுமே இல்லை.

முதல் இடத்தில் நடந்திருப்பது வெறும் குளறுபடி. பத்தாண்டு என்பதற்கு ஆங்கிலத்தில் 'டெகேட்'. அது பத்து என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'டெகடன்ஸ்' லத்தீனில் 'விழு' என்ற பொருள் தரும் 'கதேரெ' என்ற வினையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுதியவர் 'டெகேட்' என்பதையே கொஞ்சம் கனமாகப் போட்டால் 'டெகடன்ஸ்' ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார். இதைப் படிக்கும் ஆங்கிலேயருக்கு உங்கள் மகள் 'வரலாறு படித்துச் சீரழிந்தபின் விண்ணப்பிக்கிறேன்' என்று சொல்வதுபோல் இருக்கும். நீங்கள் காசு கொடுத்தது இதற்குத்தான்.

இனிச் சொல்லின் கதை. நடுக்கால லத்தீனில் இருந்து பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குச் சாதுவான பொருள்தான்: விழுதல், சிதைதல். பல் சொத்தையாவதற்கு நாம் சொல்கிற 'டிகே'யும் அதே வேரில் வந்த அக்கா முறை. அந்தப் பழக்கத்தில் டெகடன்சையும் 'டிகேடன்ஸ்' என்று உச்சரித்தவர்கள் உண்டு. சில அகராதிகள் அதை இன்னமும் இரண்டாவது உச்சரிப்பாகக் காட்டுகின்றன.

சொல் ரோமாபுரியோடு போய் ஒட்டிக்கொண்ட பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. 1734இல் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்க்யூ ரோமர்களின் பெருமைக்கும் சரிவுக்குமான காரணங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தலைப்பிலேயே இந்தச் சொல் இருந்தது. அதன்பின் படித்தவர்கள் வட்டாரத்தில் 'டெகடன்ஸ்' என்றாலே கண்ணுக்கு வந்தது ஒரே படம்: படுத்துக்கொண்டே விருந்து சாப்பிடும் ரோமப் பிரபு, வாசலில் எதிரி. விழுந்தான் என்பதோடு நின்றிருந்த சொல், சுகம் கண்டு கெட்டு விழுந்தான் என்று குற்றம் சாட்டத் தொடங்கியது. உங்கள் கேள்விக்கு நீங்கள் மனத்தில் வைக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். சரிந்ததைச் சொல்ல ஆங்கிலத்தில் 'டிக்ளைன்' இருக்கிறது. ரோமின் சரிவைப் பற்றிய புகழ்பெற்ற நூலுக்கு ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் 1776இல் தலைப்பாக எடுத்ததும் அதைத்தான். 'டெகடன்ஸ்' அப்படியல்ல. சரிந்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்.

அதே குற்றச்சாட்டைப் பிறகு எழுத்தாளர்கள் மீது போட்டார்கள். 1834இல் நிஸார் என்ற பிரெஞ்சு விமர்சகர், பிற்கால லத்தீன் கவிஞர்களைச் சீரழிவின் கவிஞர்கள் என்று தாக்கி ஒரு நூல் எழுதினார். அடி அவர்களுக்கு, வலி விக்டர் ஹ்யூகோ போன்ற அந்தக் காலத்துப் பிரெஞ்சு எழுத்தாளர்களுக்கு. திட்டு வாங்கியவர்களின் வாரிசுகள் அந்தத் திட்டையே பட்டமாக எடுத்து மாட்டிக்கொண்டார்கள். 1883இல் பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் ஒரு கவிதையில், சரிவின் இறுதியில் இருக்கும் பேரரசு நானே என்றார். அந்தப் பேரரசு, வெளுத்த நெடிய காட்டுமிராண்டிகள் கடந்துபோவதைப் பார்த்தபடி சோம்பலாகச் சொல்விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கும். 1886இல் 'லெ டெகடாங்' என்ற பெயரிலேயே பாரிஸில் ஒரு பத்திரிகை வந்தது. சொல் கால்வாய் தாண்டி லண்டனுக்குப் போனது. 1893இல் ஆங்கில விமர்சகர் ஆர்தர் சைமன்ஸ் இந்தப் போக்கைப் பற்றிக் கட்டுரை எழுதி, புதியதும் அழகியதும் சுவாரசியமானதுமான ஒரு நோய் என்று பாராட்டினார். இரண்டே ஆண்டுகளில், இந்தப் போக்கோடு சேர்த்துப் பேசப்பட்ட எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு கைதானார், காற்று திரும்பியது. அதே சைமன்ஸ் 1899இல் அதே விஷயத்தை நூலாக்கியபோது, தலைப்பில் இந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் 'குறியீட்டு இயக்கம்' என்று போட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மகளுக்குத் தேவையில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஆங்கில இலக்கிய மாணவர்கள் எனக்குச் சண்டைக் கடிதம் எழுதுவார்கள். 1880கள், 1890களின் இந்த இலக்கியப் போக்குக்கு 'டெகடன்ஸ்' என்பது பெயர். பெரிய எழுத்தில் தொடங்கி எழுதினால் அது வசையும் அல்ல, புகழும் அல்ல, அடையாளம். அதைப் பற்றி ஆராயப் போகிறவர் அந்தச் சொல்லை எழுதியே ஆக வேண்டும், எழுதாவிட்டால்தான் பிழை. ஆனால் அங்கும் வரம்பு உண்டு. யாரைச் சொல்கிறோம், எந்த ஊரில், எந்தப் பத்தாண்டில் என்று அடுத்த வரியிலேயே தெரிய வேண்டும். 1857இல் கவிதைத் தொகுதி வெளியிட்ட பிரெஞ்சுக் கவிஞர் போதலேரை அந்த இயக்கத்தின் உறுப்பினர் என்று எழுதக் கூடாது. பின்னால் வந்தவர்கள் அவரைத் தங்கள் முன்னோடியாக எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வைல்டை இதில் எந்த அளவுக்குச் சேர்ப்பது என்று இன்னும் வாதம் நடக்கிறது, ஆகவே 'டெகடன்ட் எழுத்தாளர் வைல்டு' என்று போகிற போக்கில் எழுதுவதும் ஆபத்து. சிறிய எழுத்தில் எழுதினால் பழைய குற்றச்சாட்டு திரும்பி வந்துவிடும். ஒரே சொல், முதல் எழுத்தின் உயரத்தில் பொருள் மாறும். ஆயிரம் சொற்களைப் பட்டியல் போட்டு 'பவர் வொக்காபுலரி' என்று விற்கிறார்களே, அதில் இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? இடப்பக்கம் சொல், வலப்பக்கம் 'சரிவு', முடிந்தது பாடம்.

20ஆம் நூற்றாண்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோவியத் பக்கத்தில் பிடிக்காத கலையையெல்லாம் 'பூர்ஷ்வா டெகடன்ஸ்', அதாவது முதலாளி வர்க்கத்துச் சீரழிவு, என்று முத்திரை குத்தினார்கள். அமெரிக்கப் பக்கத்தில் 1970களை ஒட்டி விளம்பர எழுத்தாளர்கள் கையில் சிக்கியது. குற்றம் என்று சொன்னதுதான் இனிப்புக்குப் பொருத்தமாக இருந்தது. சாப்பிட்டால் தப்பு, ஆனால் சாப்பிடு என்று கண்ணடிக்கிற சொல். அப்படித்தான் அது கேக் கடைப் பலகை வரை வந்தது. உங்கள் தம்பி படித்தது சரிதான். இன்றைய சராசரி ஆங்கில வாசகருக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் ரோமாபுரிக்கு முன்னால் சாக்லேட்தான் நினைவுக்கு வரும்.

இப்போது சுருட்டுக்கு வருவோம். மூன்றில் என்னைக் கோபப்படுத்தியது இதுதான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியான சரக்கு திருச்சிச் சுருட்டு. அதைச் சுருட்டிய கைகள் சுகம் கண்டு கெட்டவையா? சந்தை போனது, தொழில் நலிந்தது. நெசவு நலிந்தது என்கிறோம், நெசவாளி சீரழிந்தான் என்றா சொல்கிறோம்? போதாக்குறைக்குச் சுருட்டு பக்கத்தில் 'டெகடன்ட்' என்று வந்தால், மெத்தை நாற்காலியில் சாய்ந்து புகைவிடும் பணக்காரரின் சொகுசு என்றுதான் லண்டனில் இருப்பவர் படிப்பார். உங்கள் மாமனாரின் கஷ்டம் அங்கே விளம்பரமாகிவிடும். 'டிக்ளைன்' போதும். அதைவிட, எத்தனை பேர் வேலை செய்தார்கள், எப்போது ஆர்டர் குறைந்தது, கடைசியாக எந்த ஊருக்குச் சரக்கு போனது என்று வீட்டில் கேட்டு இரண்டு வரி எழுதினால் அந்தச் சொல்லே தேவைப்படாது.

ரோமப் பேரரசு பற்றிய வரியில் பிழை வேறு மாதிரி. வரலாற்றாசிரியர் பீட்டர் பிரவுன் 1971இல் பிற்காலத் தொல்லுலகம் (ரோமப் பேரரசின் பிற்கால நூற்றாண்டுகள்) பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு, அந்தக் காலத்தை அழுகல் என்று பார்க்காமல் மாற்றம் என்று பார்ப்பது வரலாற்றுத் துறைகளில் வேரூன்றிவிட்டது. எவ்வளவு சரிவு, எவ்வளவு மாற்றம் என்று சண்டை போடுகிறவர்களும் 'டெகடன்ஸ்' என்ற சொல்லால் விளக்கம் சொல்வதில்லை. விண்ணப்பத்தில் அதைப் பார்க்கும் பேராசிரியர், இந்தப் பெண் ஐம்பது வருடங்களாக வந்த எதையும் புரட்டவில்லை என்று முடிவுகட்டுவார்.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் மகளின் துறையிலேயே நல்ல எதிர்ச்சான்று இருக்கிறது. 1ஆம் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமர், இந்தியச் சரக்குகளுக்காக ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) போகிறது என்று கணக்குச் சொல்லிப் புலம்பினார். நம் மிளகும் மெல்லிய துணியும் வாங்கியே ரோம் கெடுகிறது என்பது அந்தக் காலத்துப் பெரியவர்களின் பாட்டு. பிளினி இறந்தது 79இல். ரோமப் பேரரசு பரப்பளவில் உச்சத்தைத் தொட்டது 117இல், பேரரசர் டிராஜன் காலத்தில். கெட்டுவிட்டது என்று அழுதவருக்குப் பிறகுதான் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி முதல் இரண்டு பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. கரூர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். பிற்காலக் காசில் வெள்ளி குறைந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் 3ஆம் நூற்றாண்டு என்று எழுதி, வெள்ளி குறைந்தது என்றே எழுதட்டும். குறைந்ததைக் குறைந்தது என்று சொல்ல என்ன வெட்கம்?

இவ்வளவையும் அந்தக் கன்சல்டன்சிக்காரரிடம் விளக்காதீர்கள், பயன் இல்லை. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் ஏஜெண்டுகளுக்குச் சேர்க்கைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கின்றன. மாணவர் எங்கே சேர்ந்தால் ஏஜெண்டுக்கு லாபம் என்பதும், மாணவருக்கு எது நல்லது என்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 'சொந்த வார்த்தைகளில் எழுதுக' என்று இணையதளத்தில் அறிவுரை, பக்கத்து அறையில் எழுதிக் கொடுப்பவருக்குக் காசோலை. இந்த நாடகத்தை அவர்களும் நிறுத்த மாட்டார்கள். நம் கல்லூரிகளும் மூன்று வருடம் கைடு மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, நாலாவது வருடம் 'உன்னைப் பற்றி நீயே எழுது' என்றால் பிள்ளை எங்கே போகும்? நேராக ஏஜெண்டிடம்தான்.

எழுதிக் கொடுப்பவர் உங்கள் மகளுக்காக உட்கார்ந்து எழுதியிருப்பார் என்றும் நம்பாதீர்கள். இங்கிலாந்தில் இளங்கலை விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு 2007இல் ஏறத்தாழ 50,000 விண்ணப்பக் கட்டுரைகளைச் சோதித்தது. அதில் 234 பேர், எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை விழ எரித்த கதையை எழுதியிருந்தார்கள். அத்தனை பைஜாமாவும் ஒரே இடத்தில் எரிந்ததுதான். உங்கள் கையிலிருக்கும் எஸ்.ஓ.பி.யின் இரண்டு வாக்கியத்தை எடுத்து இணையத்தில் தேடிப் பாருங்கள், ஊர்ப் பெயர் மட்டும் மாறி வேறு யாருடையதாவது வந்து நிற்கலாம்.

ஆகவே மகளையே எழுதச் சொல்லுங்கள். எளிய ஆங்கிலம் போதும், அங்கே இலக்கணத் தேர்வு நடத்தவில்லை. எழுதியதை அந்தப் பேராசிரியை ஒரு முறை பார்த்துத் திருத்தினால் நிறைவு. கடைசித் தேதி நெருங்குகிறது என்றாலும் ஒரு பகல் வேலைதான் இது.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்த மின்னஞ்சல் முகவரி கொடுத்திருக்கிறார்கள்? பல இடங்களில் ஏஜெண்டே ஒரு முகவரி உருவாக்கிப் போட்டுவிடுகிறார். கடிதமும் அவருக்கே போகும், பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கும். அப்படியென்றால் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு மகளே நேரடியாக எழுதித் தன் முகவரிக்கு மாற்றிக்கொள்ளட்டும். மதிப்பெண் பட்டியலின் அசலைக் கொடுத்து வைத்திருந்தால் இன்றே போய் வாங்கி வந்துவிடுங்கள்.