1963: ஒரு நாள் பதிவும் ஒரு கேசட்டும்

கேள்வி: பீட்டில்ஸ் இசைக்குழுவின் முதல் எல்.பி. (நீள இசைத்தட்டு) ஒரே நாளில் பதிவானதாமே? என்னிடமுள்ள ஸ்டீரியோ பிரதியில் குரல் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. அதன் 14 பாடல்களில் நான்கு முன்பே சிங்கிள்களுக்காக (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டுகள்) பதிவானவை. மீதி பத்தும் 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில், காலை பத்து மணியிலிருந்து இரவு வரை பதிவாயின. டேப்பில் இருந்தது இரண்டே டிராக் (தனித்தனி ஒலித்தடம்): ஒன்றில் வாத்தியங்கள், மற்றதில் குரல்கள். பிறகு இரண்டின் ஒலி அளவையும் சரிசெய்து மோனோவாக்கவே, அதாவது ஒரே ஒலியாகக் கலக்கவே, இந்தப் பிரிப்பு. அதை அப்படியே ஸ்டீரியோவில் ஸ்பீக்கருக்கு ஒன்றாக வைத்ததால்தான் இந்தப் பிளவு. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். பாட்டுக்கு உயிர் வரும்.

குழுவின் பாடகர் ஜான் லெனனுக்கு அன்று கடும் சளி. தொண்டையைக் கிழிக்கும் பாடலைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கடைசிக்கு வைத்தார். முதல் டேக்கே (பாடிப் பதிந்த முதல் முறையே) தட்டில் ஏறியது. இரண்டாவதற்குக் குரல் இல்லை. எத்தனை வசதி வந்தாலும் அந்தக் கரகரப்பைச் செய்துகொள்ள முடியாது.

கேள்வி: ஆடியோ கேசட் வந்ததும் அதே ஆண்டா?

பதில்: ஆம். பிலிப்ஸ் ஆகஸ்டில் பெர்லின் கண்காட்சியில் காட்டியது. நாடா அகலம் 3.81 மி.மீ., வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. வேகம் குறைவு, நாடாவும் குறுகல். அதனால் இரைச்சல் அதிகம், உச்ச ஒலிகள் மங்கும். முதலில் பேச்சுப் பதிவுக்கே கருதப்பட்டது. நாடா தொய்ந்தால் உருளையில் சிக்கும். போடுமுன் பென்சிலால் சுற்றி இறுக்குங்கள்.